கருதல், உரை, காட்சி – கிறித்தவ நியாயவாதம் பற்றி ஓர் அறிமுகம்

பலெர்மோ மத்திய ரயில் நிலையத்திலிருந்து கிழக்கே போகும் உள்ளூர் ரயில் சுமார் கால் மணி நேரத்தில் பகேரியாவுக்கு வந்துவிடும். நகரைத் தாண்டுமுன் பிரங்காச்சோ என்ற பேட்டையைக் கடக்கிறது. 1993 செப்டம்பர் 15ஆம் தேதி, தன் 56வது பிறந்த நாளன்று, பினோ புல்யீசி என்ற பங்குச் சாமியார் இந்தப் பேட்டையில் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர்கள் மாஃபியாக்காரர்கள். அதே கோயில் மணியோசையைக் கேட்டு வளர்ந்தவர்கள். அந்தக் கொலைக்கும் இந்தக் கட்டுரையின் தலைப்புக்கும் உள்ள தொடர்பைக் கடைசியில் சொல்கிறேன்.

பலெர்மோவில் ஈழத்தமிழர்கள் கணிசமாக இருக்கிறார்கள். 80களில் வரத் தொடங்கியவர்கள். அங்கே ஒரு தமிழ்க் கடையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் சாந்தா ரொசாலியா படம் மாட்டியிருந்தது. கடைக்காரர் யாழ்ப்பாணத்துச் சைவர். என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டார். கடவுள் இருப்பதற்குக் கிறித்தவர்கள் சொல்லும் நியாயங்கள் பற்றியது என்றேன். "நிரூபிச்சாப் பிறகுதான் கும்பிடோணுமோ, தம்பி?" என்று சிரித்துக்கொண்டே சில்லறையைக் கொடுத்தார். நல்ல கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. அதைத் தேடிப் படித்ததின் சுருக்கமே இது. நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன், இறையியல் படித்தவனல்லன். பிழையிருந்தால் அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.

1. சொல்லும் மரபும்

ஆங்கிலத்தில் அப்பாலஜெடிக்ஸ் என்று சொல்லப்படும் துறையின் வேர் 'அப்பொலொகியா' என்ற கிரேக்கச் சொல். நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவர் தன் தரப்பை எடுத்துச் சொல்வது என்று பொருள். சாக்ரடீசின் விசாரணை பற்றி பிளேட்டோ எழுதிய நூலின் பெயரும் இதுதான். மன்னிப்புக் கேட்பது என்ற இன்றைய ஆங்கிலப் பொருள் பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. உங்கள் நம்பிக்கைக்குக் காரணம் கேட்பவர்களுக்கு விடை சொல்ல ஆயத்தமாயிருங்கள், அதைப் பணிவோடு செய்யுங்கள் என்று புதிய ஏற்பாட்டில் பேதுருவின் முதல் நிருபம் அறிவுறுத்துகிறது. இரண்டாம் நூற்றாண்டில் ஜஸ்டின் என்ற தத்துவ ஆசிரியர் ரோமப் பேரரசர் அந்தோனினுஸ் பயுசுக்குக் கிறித்தவர்கள் சார்பில் இப்படி ஒரு விளக்கம் எழுதினார். சில ஆண்டுகளில் ரோமில் அவருக்கு மரண தண்டனை கிடைத்தது. ஜஸ்டின் மார்ட்டிர் என்றே வரலாறு அவரை அழைக்கிறது. மார்ட்டிர் என்ற கிரேக்கச் சொல்லின் முதற்பொருள் 'சாட்சி'. வக்கீலும் சாட்சியும் இந்தத் துறையில் ஆரம்பத்திலேயே ஒரே ஆளாகிவிட்டார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

தமிழுக்கு இது புதிதல்ல. மணிமேகலை சமயக் கணக்கர் பலரிடம் அவரவர் திறம் கேட்கிறாள். குண்டலகேசிக்கு எதிராக நீலகேசி எழுந்தது. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் பிறர் கொள்கைகளை மறுக்கும் 'பரபக்கம்', தன் கொள்கையை நிறுவும் 'சுபக்கம்' என்று இரண்டாகவே பிரிந்திருக்கிறது. இன்றைய கிறித்தவ நியாயவாதிகளின் புத்தகங்களும் பெரும்பாலும் இந்த இரண்டு பாகங்களாகத்தான் வருகின்றன.

சித்தாந்திகள் வாதத்தில் இறங்குமுன் அளவைகளைச் சொல்லிக்கொள்வார்கள். ஒன்றை எப்படி அறிகிறோம் என்பதற்கான வழிகள் அவை. முக்கியமானவை மூன்று. நேரே கண்டறிவது காட்சி. கண்டதிலிருந்து காணாததை ஊகிப்பது கருதல். நம்பத் தகுந்தவர் சொல்வதைக் கொண்டு அறிவது உரை. கிறித்தவ நியாயவாதம் இன்று தத்துவம், வரலாறு, வெகுஜனக் கலாசாரம் என்ற மூன்று வழிகளில் நடக்கிறது. இவற்றைக் கருதல், உரை, காட்சி என்ற வரிசையில் பொருத்திப் பார்த்தால் ஒவ்வொன்றின் பலமும் எல்லையும் தெளிவாகத் தெரியும் என்பது என் எண்ணம்.

2. கருதல்: தத்துவத்தின் வழி

இந்த வழியின் பெரிய ஆசான் தாமஸ் அக்குவைனஸ் (1225–1274). அவர் பிறந்த ரொக்காசெக்கா அன்றைய சிசிலி அரசில் இருந்தது. படித்தது நேப்பிள்ஸ் பல்கலைக்கழகத்தில். அதை 1224இல் நிறுவிய பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக்கின் கல்லறை இன்றும் பலெர்மோ பேராலயத்தில் இருக்கிறது. அந்த அரசவை அரபு நூல்களை லத்தீனுக்குக் கொண்டுவந்த இடங்களுள் ஒன்று. அரிஸ்டாட்டிலுக்கு அரபு அறிஞர்கள் எழுதிய உரைகள் இத்தகைய பாதைகளில் வந்திராவிட்டால் அக்குவைனஸ் இல்லை. கிறித்தவத் தத்துவத்தின் அடித்தளத்தில் இஸ்லாமிய உலகின் செங்கற்கள் நிறைய உண்டு. இன்று அமெரிக்கத் தத்துவவாதி வில்லியம் லேன் கிரெய்க் பிரபலப்படுத்தியிருக்கும் வாதத்துக்கே 'கலாம்' என்ற அரபுப் பெயர்தான். தோன்றியது எதற்கும் காரணம் உண்டு, பிரபஞ்சம் தோன்றியது, ஆகவே அதற்கும் காரணம் உண்டு என்பது அதன் சாரம். 11ஆம் நூற்றாண்டில் அல்-கஸ்ஸாலி சொன்னது.

அக்குவைனஸின் ஐந்து வழிகளில் தமிழ் வாசகருக்குப் புதுமை அதிகமிருக்காது. அசைவதை அசைப்பது எது, காரியத்துக்கு முதற்காரணம் எது, இல்லாமலும் இருந்திருக்கக்கூடிய உலகம் ஏன் இருக்கிறது என்று உலகத்திலிருந்து தொடங்கி மேலேறுகிறார். ஏறத்தாழ அதே நூற்றாண்டில் மெய்கண்டாரின் சிவஞான போதமும் முதல் சூத்திரத்திலேயே, தோன்றி நின்று ஒடுங்குகிற உலகைக் காட்டி அதற்கு ஒரு கர்த்தா வேண்டும் என்று தொடங்குகிறது. ஒருவரையொருவர் அறியாத இருவர் உலகத்தின் இரு மூலைகளில் ஒரே படிக்கட்டைக் கட்டியிருக்கிறார்கள்.

அந்தப் படிக்கட்டை இங்கே கொண்டுவந்தவர் ராபர்ட் தெ நோபிலி (1577–1656). 1606இல் மதுரைக்கு வந்தவர் காவி உடுத்து, மரக்கறி உண்டு, தத்துவ போதகர் என்று பெயர் கொண்டார். ஞானோபதேசம், ஆத்தும நிர்ணயம், தூஷண திக்காரம், புனர்ஜென்ம ஆட்சேபம் என்று அவர் பெயரில் வழங்கும் நூல்களின் தலைப்புகளே அவர் வேலை என்ன என்று சொல்லிவிடும். முதலில் அறிவுக்கு எட்டும் சர்வேசுரனைப் பற்றிப் பேசிவிட்டு, அதன்பிறகே வெளிப்படுத்தப்பட்ட சத்தியங்களுக்குப் போவது அவர் முறை. மதுரைப் பண்டிதர்களோடு பேசப் பொதுத்தளம் வேண்டும். அந்தத் தளம் தர்க்கம். சக சேசு சபையினர் சிலருக்கே அவர் வேடமும் வழியும் பிடிக்கவில்லை. வழக்கு ரோம் வரை போய், 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்.

கருதலின் பலம், அதற்கு ஆள் முக்கியமில்லை என்பது. கம்பைலர் நிரலை எழுதியவன் யோக்கியனா என்று பார்ப்பதில்லை. நிரல் சரியா என்றுதான் பார்க்கிறது. தர்க்கமும் அப்படியே. இதற்கு அழகான உதாரணம் 1948 பிப்ரவரியில் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்தது. நார்னியா கதைகளை எழுதிய சி.எஸ். லூயிஸ் முந்தைய ஆண்டு 'மிரக்கிள்ஸ்' என்ற நூலில், மனித அறிவு வெறும் பௌதிக நிகழ்வு என்று கொண்டால் அந்த அறிவையே நம்ப முடியாமல் போகும் என்று வாதிட்டிருந்தார். எலிசபெத் ஆன்ஸ்கம் என்ற இளம் தத்துவ ஆய்வாளர் எழுந்து அந்த வாதத்தின் ஓட்டைகளைக் காட்டினார். ஆன்ஸ்கம் நாத்திகர் அல்லர், உறுதியான கத்தோலிக்கர். தன் கட்சிக்காரர் சொன்னது என்பதற்காகத் தவறான வாதத்தை அவர் விட்டுவிடவில்லை. லூயிசும் 1960 பதிப்பில் அந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுதினார். நல்ல பிழை அறிக்கையும் நல்ல திருத்தமும்!

கருதலின் எல்லைகள் இரண்டு. முதலாவதை பாஸ்கல் சொன்னார். தத்துவவாதிகளின் கடவுள் வேறு, ஆபிரகாமின் கடவுள் வேறு என்ற கருத்தை 1654இல் ஒரு தாளில் எழுதித் தன் மேலங்கிக்குள் தைத்துவைத்திருந்தார். இறந்தபின்தான் மற்றவர்கள் கண்டார்கள். முதற்காரணம் ஒன்று இருக்கிறது என்று ஒப்புக்கொண்டாலும், அது நாசரேத்து இயேசுவின் தந்தை என்பதற்கு அந்த வாதத்தில் இடமில்லை. மெய்கண்டார் அதே படியேறிச் சிவனிடம் போகிறார்.

இரண்டாவது, துன்பம். கடவுள் நல்லவர், வல்லவர் என்றால் தீமை ஏன்? ஆல்வின் பிளாண்டிங்கா 1974இல் இதற்கு நுட்பமான பதில் தந்தார். சுதந்திரமுள்ள மனிதர்களைப் படைத்துவிட்டு, அவர்கள் ஒருபோதும் தவறு செய்யாமல் பார்த்துக்கொள்வது சர்வவல்லவராலும் முடியாததாக இருக்கலாம். ஆகவே கடவுளும் தீமையும் சேர்ந்திருப்பது தர்க்க முரண் ஆகாது என்றார். முரண் இல்லை என்று மட்டும் காட்டினார். துன்பத்துக்கு இதுதான் காரணம் என்று சொல்லவில்லை. இந்த அடக்கம் எல்லோருக்கும் இருப்பதில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் வேளாங்கண்ணிக் கடற்கரையில் ஏராளமான யாத்ரீகர்கள் மாண்டார்கள். ஆலயத்துக்குள் வெள்ளம் புகவில்லை. அதை அற்புதம் என்று சிலர் சொன்னார்கள். உள்ளே இருந்தவர்கள் பிழைத்ததற்கு அது விளக்கமென்றால், வெளியே குழந்தையைப் பறிகொடுத்தவளுக்கு அது என்ன? லூயிஸ் 1940இல் துன்பம் பற்றித் தெளிவான ஒரு தத்துவ நூல் எழுதினார். 1960இல் மனைவி இறந்தபின் எழுதிய நாட்குறிப்பை 1961இல் புனைபெயரில் வெளியிட்டார். முதல் நூலின் நிதானம் இரண்டாவதில் இல்லை. மனம் உடைந்த பலருக்குக் கைகொடுத்தது இரண்டாவது நூல்தான்.

3. உரை: வரலாற்றின் வழி

கருதல் நின்றுவிடும் இடத்தில் கிறித்தவம் வரலாற்றைக் கொண்டுவருகிறது. பொந்தியு பிலாத்து என்ற ரோம ஆளுநரின் காலத்தில் ஒருவர் சிலுவையில் அறையப்பட்டார், மூன்றாம் நாள் எழுந்தார் என்று தேதியும் இடமும் உள்ள ஒரு நிகழ்வின்மீது அது தன்னை வைத்துக்கொள்கிறது. இது துணிச்சல். தேதி போட்ட எதையும் சோதிக்கலாம்.

இங்கே நியாயவாதிகளின் முக்கிய ஆவணம் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 15ஆம் அதிகாரம். கி.பி. 50களின் நடுப்பகுதியில் எழுதப்பட்டது. உயிர்த்தவரைக் கண்டவர்கள் என்று பவுல் அதில் தரும் பட்டியல் அவருக்கு முன்பே வழங்கிவந்தது என்பதைப் பல அறிஞர்கள், நம்பாதவர்கள் உட்பட, ஏற்கிறார்கள். ஆக, கதை பல தலைமுறை கழித்து முளைத்தது என்ற வாதம் நிற்காது. கண்டதாகச் சிலர் மிக ஆரம்பத்திலேயே சொன்னார்கள். கண்டது என்ன என்பதுதான் வழக்கு. டேவிட் ஹியூம் 1748இல் இதற்கு ஓர் அளவுகோல் வைத்தார். ஓர் அற்புதத்துக்குச் சாட்சி சொல்பவர் பொய் சொல்வதோ ஏமாந்திருப்பதோ அந்த அற்புதத்தைவிட நம்ப முடியாததாக இருந்தால்தான் சாட்சியை ஏற்கலாம். ஹியூமே கேள்வியை எங்கே கொண்டுவந்து நிறுத்துகிறார் பாருங்கள்: சாட்சி எப்படிப்பட்டவர்?

வரலாறு எவ்வளவு தரும், எங்கே நிற்கும் என்பதற்கு நம் வீட்டு உதாரணம் தோமா. இந்தியாவுக்கு வந்த தோமாவைப் பற்றிப் பேசும் 'தோமாவின் நடபடிகள்' மூன்றாம் நூற்றாண்டு சிரியாக் நூல். அதில் வரும் கொந்தொபாரஸ் என்ற அரசன் கற்பனை என்று ஒருகாலத்தில் நினைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியப் பகுதியிலும் ஆப்கானிஸ்தானத்திலும் அவன் பெயர் பொறித்த நாணயங்கள் கிடைத்தன. அரசன் இருந்தான்! நியாயவாதிகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் நாணயம் அரசனை நிரூபிக்கிறது; தோமாவை அவன் சந்தித்ததை அல்ல. மயிலாப்பூர் அங்கிருந்து வெகுதூரம். இந்த இடைவெளியை ஆசையால் நிரப்பத் தொடங்கினால் வரலாறு கெட்டுவிடும். திருக்குறளும் சைவ சித்தாந்தமும் தோமாவின் போதனையிலிருந்து வந்தவை என்று மு. தெய்வநாயகம் எழுதினார். சைவ அறிஞர்கள் மறுப்பு நூலே எழுதினார்கள். ஒத்த கருத்து இருந்தால் கடன் வாங்கியது என்று பொருளல்ல என்பதற்கு மேலே சொன்ன மெய்கண்டாரும் அக்குவைனஸும் போதும்.

கடைக்காரரின் சுவரிலிருந்த சாந்தா ரொசாலியாவும் இப்படி ஒரு வழக்கு. 12ஆம் நூற்றாண்டில் பெல்லெக்ரீனோ மலைக் குகையில் தவமிருந்த உயர்குலப் பெண் என்பது மரபு. 1624இல் பலெர்மோவைக் கொள்ளைநோய் தாக்கியபோது அந்தக் குகையில் எலும்புகள் கிடைத்தன. மறு ஆண்டு அவற்றை ஊர்வலமாக எடுத்துச் சென்றார்கள்; நோய் தணிந்தது. 19ஆம் நூற்றாண்டில் வில்லியம் பக்லண்ட் என்ற ஆங்கிலேய நிலவியலாளர் அவற்றைப் பார்த்துவிட்டு ஆட்டெலும்புகள் என்றாராம். ஆனாலும் ஒவ்வோர் செப்டம்பர் 4ஆம் தேதியையும் ஒட்டி ஆயிரக்கணக்கானோர் அந்த மலை ஏறுகிறார்கள். அவர்களில் நம் சைவத் தமிழர்களும் உண்டு. பக்லண்டின் கருத்துக்காக அவர்கள் யாரும் காத்திருக்கவில்லை.

4. மறுதரப்பு

பலெர்மோத் தமிழர்களின் சொந்த ஊரில் இந்த வழக்கு 19ஆம் நூற்றாண்டில் முழுவீச்சில் நடந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879). யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்து, அங்கேயே பீட்டர் பெர்சிவல் பாதிரியாரோடு பைபிளைத் தமிழாக்கும் பணியில் உழைத்தவர். எதிராளியின் நூலை வரி வரியாக அறிந்தவர். 1854இல் வெளியான அவருடைய சைவ தூஷண பரிகாரத்தில் முக்கிய உத்தி இதுதான்: சைவர்களின் கோயில், தீபம், தூபம், அபிடேகம், சுத்தி முறைகளை மூடநம்பிக்கை என்கிறீர்களே, எருசலேம் ஆலயத்துக்கு உங்கள் பழைய ஏற்பாடு விதிக்கும் சடங்குகள் என்ன?

இது வெறும் பதிலடி அன்று. எந்த அளவுகோலால் என்னை அளக்கிறாயோ அதே அளவுகோலால் உன்னையும் அளந்துகொள் என்பது நியாயவாதத்தின் அடிப்படை நேர்மை. கிறித்தவ நூல்களைப் படிக்கும்போது நான் பக்க ஓரத்தில் எழுதிவைக்கும் கேள்வியும் இதுதான்: இதே வாதத்தை ஒரு சைவரோ இஸ்லாமியரோ சொன்னால் இவர் ஏற்பாரா?

5. காட்சி: கலையின் வழி

மூன்றாவது வழி வாதிடுவதில்லை, காட்டுகிறது. பாளையங்கோட்டை எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900) வைணவக் குடும்பத்தில் பிறந்து கம்பனில் ஊறி, 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர். இரட்சணிய சமய நிர்ணயம் என்று வாத நூலும் எழுதினார். அதை இன்று படிப்பவர் சிலர். பன்யனின் ஆங்கிலக் கதையைத் தழுவி அவர் 1894இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகம்தான் நிலைத்தது. கிறித்தவம் அந்நியச் சரக்கு என்ற குற்றச்சாட்டுக்குக் கம்பன் நடையே விடையாயிற்று.

திரைப்பட யுகத்தில் இந்த வழி இன்னும் அகலமானது. 2003இல் 'டா வின்சி கோட்' நாவல் வந்தது. 2006இல் படமும் வந்தது. இயேசுவின் தெய்வத்தன்மை கி.பி. 325இல் நிக்கேயா சங்கத்தில் ஓட்டெடுத்து முடிவானது என்று அதில் ஒரு பாத்திரம் சொல்கிறது. ஆனால் கி.பி. 112 வாக்கில் ரோம அதிகாரி பிளினி, கிறித்தவர்கள் கிறிஸ்துவைத் தெய்வமாக வைத்துப் பாடுகிறார்கள் என்று பேரரசருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஒரு பத்தியில் முடிகிற பதில். தமிழ்நாட்டு அரசு அந்தப் படத்துக்குத் தடை விதித்தது. சென்னை உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது. தடை கேட்டவர்கள் தம் பக்கத்தில் பதில் இல்லை என்ற எண்ணத்தைத்தான் உண்டாக்கினார்கள்.

இதை பகேரியாவில் யோசிப்பது பொருத்தம். 'சினிமா பாரதீசோ' (1988) எடுத்த ஜுசெப்பே தொர்னதோரே இவ்வூர்க்காரர். அதில் ஊர்ச் சாமியார் படத்தை முதலில் தனியே பார்த்து, முத்தக் காட்சி வரும்போதெல்லாம் கைமணியை அடிப்பார். அந்தத் துண்டை வெட்டிவிட வேண்டும். இன்னோர் இவ்வூர்க்காரர் ஓவியர் ரெனாத்தோ குத்தூசோ (1911–1987), கம்யூனிஸ்ட். உலகப்போர் நடுவே 1941இல் அவர் வரைந்த 'சிலுவையேற்றம்' ஓவியத்தில் மகதலேனா ஆடையின்றி இருக்கிறாள். 1942இல் பெர்கமோ போட்டியில் அதற்குப் பரிசு கிடைத்ததும் திருச்சபைத் தரப்பில் கண்டனம் எழுந்தது. அதைப் பார்க்கக் கூடாதென்று குருக்களுக்குத் தடையும் வந்தது. தன் காலத்தில் கொள்கைக்காக வதைபடும் எல்லோருக்கும் குறியீடாகவே சிலுவையை எடுத்தேன் என்பது குத்தூசோவின் நிலை. நம்பாத ஒருவருக்குத் தன் காலத்தின் வேதனையைச் சொல்லச் சிலுவையை விட்டால் வேறு உருவம் கிடைக்கவில்லை! எந்த நியாயவாதியும் இதைவிடப் பெரிய ஒப்புதலைக் கேட்டிருக்க முடியாது. கைமணியை அடித்துக்கொண்டிருந்தவர்கள் அதைக் கவனிக்கவில்லை. குத்தூசோவின் கல்லறை இன்று பகேரியாவில், அவர் பெயரிலான அருங்காட்சியகம் இருக்கும் வில்லா கத்தோலிக்காவில் இருக்கிறது.

6. ஆப்தன் யார்?

இனி கணக்கை முடிக்கலாம். கருதலுக்கு ஆள் முக்கியமில்லை என்றேன். உரைக்கு ஆள்தான் எல்லாம். வேறொருவர் அனுப்பிய லாக் கோப்பை வைத்துப் பிழை தேடுபவனுக்கு, அதை அனுப்பியவர் கைவைத்துத் திருத்தவில்லை என்ற நம்பிக்கை வேண்டும். நியாய சூத்திரம் உரை அளவையை 'ஆப்தனின் உபதேசம்' என்று வரையறுக்கிறது. ஆப்தன் என்றால் நம்பத் தகுந்தவன். உரையாசிரியர் வாத்ஸ்யாயனர் இன்னும் தெளிவாக்குகிறார். ஒன்றை நேரே அறிந்தவன், அறிந்தபடியே சொல்ல விரும்புகிறவன் எவனோ அவன் ஆப்தன். ரிஷிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் இந்த இலக்கணம் ஒன்றேதான்.

நம் காலத்தின் மிகப் புகழ்பெற்ற நியாயவாதிகளில் ஒருவர் சென்னையில் பிறந்தவர். ரவி சகரியாஸ், 1946. டெல்லியில் வளர்ந்து, கனடா சென்று, 1984இல் தன் பெயரிலேயே அமைப்பு நிறுவி, தத்துவம், வரலாறு, சினிமா எல்லாம் கலந்து உலகெங்கும் பல்கலைக்கழகங்களில் பேசினார். புலம்பெயர்ந்த தமிழ்க் கிறித்தவக் குடும்பங்களில் அவர் புத்தகம் இல்லாத வீடு அபூர்வம். 2020 மே மாதம் இறந்தார். 2021 பிப்ரவரியில், அவருடைய அமைப்பே நியமித்த சட்ட நிறுவனம் அறிக்கை தந்தது. மசாஜ் தொழில் செய்த பெண்கள் பலரிடம் பல ஆண்டுகளாக அவர் பாலியல் ரீதியாகத் தவறாக நடந்துகொண்டார் என்பது அதன் முடிவு. அமைப்பு மன்னிப்புக் கேட்டது. பதிப்பகங்கள் புத்தகங்களைத் திரும்பப் பெற்றன.

அவருடைய வாதங்கள் அன்றைய தினம் பொய்யாகிவிட்டனவா? கருதல் அளவில் இல்லை. சரியான வாதம் யார் வாயிலிருந்து வந்தாலும் சரிதான். ஆனால் அவரைக் கேட்டவர்கள் வெறும் தர்க்கத்தை வாங்கிப் போகவில்லை. இந்த விசுவாசம் மனிதனை மாற்றுகிறது, என்னையே பாருங்கள் என்ற உரையையும் சேர்த்து வாங்கினார்கள். அது பொய்ச்சாட்சி ஆயிற்று. அந்தப் பெண்கள் பேச முன்வந்தபோது அவருடைய புகழே அவர்களுக்கு எதிரான ஆதாரமாகப் பயன்பட்டது என்பதுதான் இதில் மிகக் கொடுமையான பகுதி.

சிசிலிக்கு இந்தச் சிக்கல் பழையது. பெர்னார்தோ புரொவென்சானோ 43 ஆண்டுகள் தலைமறைவாக இருந்த மாஃபியாத் தலைவர். பல காலம் பகேரியா அவருடைய கோட்டை. 2006 ஏப்ரலில் பிடிபட்டபோது அவர் குடிலில் பைபிள்கள் இருந்தன. ஆட்களுக்கு அவர் தட்டச்சு செய்து அனுப்பிய துண்டுச் சீட்டுகளில் கடவுளின் ஆசி தவறாமல் இருக்கும். இப்படிப்பட்ட ஊரில் கடவுள் இருக்கிறார் என்று வாதிட்டு என்ன பயன்? எல்லோரும் முன்பே ஒப்புக்கொண்டவர்கள்.

புல்யீசி 1990இல் பிரங்காச்சோவுக்குப் பங்குச் சாமியாராக வந்தார். அவர் செய்தவை சின்ன வேலைகள். பேட்டையில் நடுநிலைப் பள்ளி இல்லை; வேண்டுமென்று அலைந்தார். 1993 ஜனவரியில் தெருப் பிள்ளைகளுக்காக ஒரு மையம் திறந்தார். அந்த மே மாதம் போப் இரண்டாம் ஜான் பால் அக்ரிஜெந்தோவில் மாஃபியாக்காரர்களைப் பார்த்து மனந்திரும்பும்படி முழங்கினார். செப்டம்பரில் புல்யீசி கொல்லப்பட்டார். நெருங்கியவர்களைப் பார்த்து அவர் புன்னகைத்து, எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்றாராம். இதை நமக்குச் சொன்னவர் சுட்டவரான சல்வதோரே கிரிகொலி. 2013 மே 25ஆம் தேதி பலெர்மோவில் புல்யீசிக்கு அருளாளர் பட்டம் கொடுத்தார்கள், மார்ட்டிர் என்ற தகுதியில். கொன்றவர்களும் கத்தோலிக்கர்கள்தானே, இது விசுவாசத்தின்மீதுள்ள வெறுப்பால் நடந்த கொலையா என்ற கேள்விக்கு, ஆம் என்று திருச்சபை விடை சொல்லியாயிற்று.

கொலையில் உடனிருந்த கஸ்பரே ஸ்பதுத்சாவின் கதை இன்னும் விசித்திரம். 1992 ஜூலை 19ஆம் தேதி நீதிபதி பவுலோ பொர்செல்லீனோ பலெர்மோவில் கார்க்குண்டுக்குப் பலியானார். வின்சென்சோ ஸ்கரந்தீனோ என்பவரின் பொய் வாக்குமூலத்தை நம்பி, அந்த வழக்கில் சம்பந்தமே இல்லாத பலர் ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்தார்கள். சிறையில் மனம் மாறியதாகச் சொன்ன ஸ்பதுத்சா 2008இல் வாய் திறந்தார். அந்தக் காரைத் திருடியவன் நான் என்றார். சொன்னதைச் சோதித்துப் பார்த்தார்கள், பொருந்தியது. 2017இல் அந்தப் பழைய தண்டனைகள் ரத்தாயின. பல கொலைகள் செய்தவர் ஆப்தனானார்! வாத்ஸ்யாயனர் மிலேச்சனையும் சேர்த்துக்கொண்டது சரிதான். ஆப்தனுக்குக் களங்கமற்ற வாழ்க்கை நிபந்தனையில்லை. கண்டதைக் கண்டபடி சொல்ல வேண்டும், அதன் விலையைத் தானே கொடுக்க வேண்டும், சோதனைக்குத் தன்னைத் திறந்துவைக்க வேண்டும். சகரியாசிடம் இல்லாமற்போனது இந்தக் கடைசி இரண்டும்.

ஆக, கடைக்கார அண்ணருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுவாக இருக்கலாம். நிரூபித்த பிறகுதான் கும்பிட வேண்டுமென்று இல்லை. அப்படிக் கும்பிட்டவர்களை நானும் பார்த்ததில்லை. ஆனால் கும்பிடுகிறவர்களிடம் ஏன் என்று கேட்க மற்றவர்களுக்கு உரிமை உண்டு. அந்தக் கேள்வியை மதித்து, எதிராளிக்கு வைக்கும் அளவுகோலையே தனக்கும் வைத்துச் சொல்லும் பதிலுக்குப் பெயர் நியாயவாதம். அது வழியிலுள்ள கற்களை அகற்றும். மலை ஏறுவது அவரவர் கால்.

பகேரியாவிலிருந்து திரும்பும் ரயில் மாலையில் மீண்டும் பிரங்காச்சோவைக் கடந்தது. புல்யீசி எழுதிய தத்துவ நூல் எதுவும் எனக்குத் தெரியாது. அவர் இறந்த பிறகு, 2000இல் அந்தப் பேட்டைக்கு அவர் கேட்ட நடுநிலைப் பள்ளி வந்துசேர்ந்தது.